கான்கிரீட்டில் விழுந்த தண்ணீர்

அத்தியாயம் ஆறு

"உடம்பு கிடைக்கலைன்னா என்ன அர்த்தம்?" என்று பூலெந்த் கேட்டபோது, சபாஹத் தேநீரில் சர்க்கரையைக் கலக்குவதை நிறுத்தினாள்.

இன்ஜிர்லி என்ற அந்தக் கடலோர ஊருக்கு வந்த மூன்று நாளில் அவள் காதில் விழாத கேள்வி அது. ரொட்டிக் கடைக்காரர் கேட்கவில்லை. படகுக்காரர்கள் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, காணாமல் போன ஒக்தாயின் துண்டும் சட்டையும் ரப்பர் செருப்பும் கூழாங்கல் கரையில் அனாதையாகக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து ஊரே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: அல்லா இருக்கார், நம்பிக்கையை விடக் கூடாது. ஆகஸ்ட் மாதம், விடுமுறைக் கூட்டம். ஆனாலும் அந்தக் கரையில் ஒருவர்கூடத் துண்டு விரிக்கவில்லை. ஊரின் மரியாதை அது.

"கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னுதான் அர்த்தம் சார்" என்றான் துன்ஜெர். "எங்கண்ணனுக்குப் பதினாலு வருஷமாப் பொண்ணு கிடைக்கலை. அதுக்காக உலகத்துல பொண்ணே இல்லைன்னு ஆயிடுமா?"

பூலெந்த் சிரிக்கவில்லை. அவன் இஸ்மிரில் ஒரு கட்டட நிறுவனத்தின் ஊழியர் மேலாளர். ஒக்தாய் அங்கே மேற்பார்வையாளன். "எங்க ஆளு மேடம் அவன், குடும்பம் மாதிரி" என்று சொல்லித்தான் வியாழக்கிழமை சபாஹத்தை வரவழைத்திருந்தான். காவல்துறையில் காணாமல் போனவர்கள் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தவள் அவள். துன்ஜெர் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்த சிற்றுந்தை விற்றுவிட்டு, வாயை மட்டும் விற்காமல் அவளோடு சேர்ந்துகொண்டவன்.

"மத்தியானத்தோட தேடுற படகு நின்னுடும்" என்றான் பூலெந்த். "எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். இருக்கானா, இல்லையா. சாயங்காலத்துக்குள்ள."

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள் சபாஹத்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சேதி கேட்டதும் காரை எடுத்துட்டேன். அவன் பொண்டாட்டியைப் பார்க்கலாம்னு அவங்க தங்கியிருக்கிற விடுதிக்குப் போனா அது ஒரு சர்க்கஸ். வாசல்ல குழி, குழி மேல ஆடுற பலகை, பலகையில நீட்டிக்கிட்டு ஒரு ஆணி. புதுப் பேன்ட் கிழிஞ்சதுதான் மிச்சம். அந்தம்மாவும் கதவைத் திறக்கலை."

"துக்கத்துல இருக்காங்க சார்."

"துக்கமா?" பூலெந்த் எழுந்துகொண்டான். "அதைத்தான் கண்டுபிடிக்கச் சொல்றேன்."

அவன் போன பிறகு சபாஹத் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கடல் கண்ணாடி போல் கிடந்தது. தூரத்தில் ஆரஞ்சு நிறக் காவல் படகு ஒன்று, தொலைத்த சாவியைத் தேடும் ஆள் மாதிரி அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, டீ ஆறிப்போச்சு. நீங்களும் ஆறிப்போயிட்டீங்க" என்றான் துன்ஜெர்.

"வா. விடுதிக்குப் போகலாம்."

*

மக்பூலேயின் விடுதி இரண்டு மாடி, நான்கு அறை, நீலக் கதவு. வாசலிலிருந்து இடப்பக்கம் இறங்கினால் கடல். வலப்பக்கம் ஏறினால் பேருந்து போகும் பெரிய சாலை. வாசற்படியில் மூடி போட்ட தட்டுகள் வரிசையாக இருந்தன. அக்கம்பக்கத்தவர்கள் கொண்டுவந்து வைத்த சாப்பாடு.

"ஒண்ணையும் தொடலை அந்தப் பொண்ணு" என்றாள் மக்பூலே. அறுபத்தைந்து வயது, ஐந்து நாளாக அழுத கண். "மேலே ஜன்னல் கிட்டயே உட்கார்ந்திருக்கா."

"நாலு தட்டு இருக்கே பெரியம்மா" என்றான் துன்ஜெர். "ஒரு தட்டை நான் வேணா தொடட்டுமா?"

"எடுத்துக்கோப்பா. வீணாத்தான் போகுது." பிறகு சபாஹத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா. வியாழக்கிழமை அவரோட காலணியை எடுத்து வாசலுக்கு வெளியே வெச்சேன். பழுப்புத் தோல் காலணி. போனவங்க காலணியை வெளியே வைக்கணும் இல்ல? தேவைப்பட்ட ஏழை யாராவது எடுத்துக்குவாங்க, போன உயிருக்குப் புண்ணியம். மூணாம் நாளும் ஆச்சேன்னு நெனச்சு வெச்சேன்."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு ஓடி வந்து உள்ளே தூக்கிட்டுப் போயிட்டா. மறுபடி வெச்சேன். மறுபடி தூக்கிட்டா. மூணாவது தடவை என்னைப் பார்த்த பார்வை இருக்கே… பெத்த புள்ளையைப் புதைக்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி. சாகலைன்னு இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா, பாவம்."

சபாஹத் தலையாட்டினாள். நம்பிக்கை என்பது ஒரு நோய் என்று அவளுக்குத் தெரியும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவளிடம் புகார் எழுதிக் கொடுத்த முகங்களில் பாதி அந்த நோயோடுதான் வீட்டுக்குத் திரும்பின.

"எனக்கு இன்னொண்ணும் உறுத்துது" என்றாள் மக்பூலே. வாசல் திட்டில் ஒரு செம்புக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. "இருபத்துமூணு வருஷமா இந்த வாசலை விட்டுப் பயணம் போன எந்த விருந்தாளிக்கும் பின்னாடி ஒரு கிண்ணம் தண்ணி ஊத்தாம நான் உள்ளே வந்ததில்ல. தண்ணி மாதிரி போகணும், தண்ணி மாதிரி திரும்பி வரணும். இவருக்கு மட்டும் ஊத்தலையே."

"குளிக்கப் போறவருக்கு யாரு பெரியம்மா ஊத்துவா?" என்றான் துன்ஜெர், வாயில் அடைத்த அப்பத்தோடு. "எங்கம்மா மட்டும்தான் ஊத்துவாங்க. நான் ரொட்டி வாங்கப் போனாக்கூட ஒரு வாளி. எங்க தெருவுல எப்பவும் சேறு."

மக்பூலேகூட லேசாகச் சிரித்தாள். சபாஹத் சிரிக்கவில்லை. அவள் பார்வை வாசற்கதவுக்கு வெளியே, தரையில் இருந்தது.

புதிதாகப் போட்ட கான்கிரீட், இரண்டு முழ அகலப் பட்டையாக வாசலை ஒட்டி ஓடியது. அதன் ஒரு மூலையில் பூனை நடந்த தடம். அதற்குப் பக்கத்தில் கடலை பருமனில் குழிகள், ஐம்பது, அறுபது இருக்கும்.

"பூனை கையெழுத்துப் போட்டிருக்கு" என்றான் துன்ஜெர். "கான்கிரீட்டுக்கு அம்மை வேற போட்டிருக்கு."

சபாஹத் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினாள். குழிகள் ஆழமாக இருந்தன. சுவர்ப் பக்கம் நெருக்கமாகத் தொடங்கி, விசிறி விரிவது போல் ஒரே திசையில் பரந்து போயின. வலப்பக்கம். மேட்டை நோக்கி.

"இதை யாரு போட்டது?"

"இலியாஸ் மேஸ்திரி" என்றாள் மக்பூலே. "குழாய் ரிப்பேர்னு ஒரு வாரமாக் குழியைத் தோண்டிப் போட்டுட்டு, செவ்வாய்க்கிழமை விடியக்காலை வந்து மூடினான். ஏம்மா?"

"மேஸ்திரி எங்கே இருப்பார்?"

*

இலியாஸ் இரண்டு தெரு தள்ளி ஒரு மதில் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். மக்பூலேயின் பெயரைச் சொன்னதுமே கரண்டியைக் கீழே போட்டார்.

"அந்த வாசலா? முப்பது வருஷத் தொழில்ல என்னைத் தலைகுனிய வெச்ச வாசல்மா அது! ஆகஸ்ட் வெயில்ல போட்டா வெடிச்சுப் போகும்னு, நாலு மணிக்கே போய், விருந்தாளிங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு சத்தமில்லாமக் கையாலேயே கலந்து, கண்ணாடி மாதிரி தேய்ச்சு வெச்சேன். பாங்கு சொன்னாங்க. தொழுகைக்குப் போனேன். அரை மணி நேரம். திரும்பி வந்து பார்த்தா, பூனை நடந்திருக்கு. பூனையை மன்னிச்சிடலாம். எவனோ தண்ணியை வேற ஊத்தியிருக்கான்! மறுபடி தேய்க்கலாம்னா மேல்தோல் இறுக ஆரம்பிச்சிருச்சு."

"மக்பூலே அக்காவா இருக்குமா?"

"நானும் அவங்களைத்தான் சத்தம் போட்டேன். கிண்ணமும் கையுமா அலையுற ஆளு. புனித நூல் மேல சத்தியம் பண்ணிட்டாங்க, ஊத்தலைன்னு."

"கிண்ணத்துல ஊத்தினா குழி அவ்வளவு ஆழமா விழுமா மேஸ்திரி?"

இலியாஸ் யோசித்தார். பக்கத்தில் கலவைப் பெட்டி இருந்தது. அதில் ஈரக் கலவை. துன்ஜெர் ஏற்கெனவே ஒரு டப்பாவில் தண்ணீர் மொண்டுவிட்டான். நின்ற இடத்திலிருந்தே வீசினான். தண்ணீர் தகடு போல வழுக்கிப் பரவி ஓடியது. ஒரு குழிகூட இல்லை.

"ஏய், என் கலவை!"

"விஞ்ஞானம் மேஸ்திரி, விஞ்ஞானம். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

சாரத்தில் ஏறினான். மேலிருந்து வீசினான். தண்ணீர் காற்றிலேயே துளித்துளியாக உடைந்து, படபடவென்று விழுந்து, கலவையை அம்மை போட்ட முகமாக்கியது. அதே விசிறி.

"மாடி ஜன்னல்" என்றாள் சபாஹத் மெதுவாக.

துன்ஜெர் சாரத்திலிருந்து குதித்தான். அவன் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா… குளிக்கப் போறவனுக்கு யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க. பயணம் போறவனுக்குத்தான் ஊத்துவாங்க. அதுவும் கடல் பக்கம் ஊத்தலை. பஸ் ரோட்டுப் பக்கம்! ஆள் உயிரோட இருக்கான்! பொண்டாட்டிக்கும் தெரியும்! அதான் காலணியை வைக்க விடலை. உயிரோட இருக்கிறவன் காலணியை எவ வாசல்ல வைப்பா?"

சொல்லிக்கொண்டே திரும்பியவனின் சட்டை, சாரத்தின் அடிப்பலகையில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"இந்தப் பலகைக்கு ஆணி ஒண்ணு கேடு" என்று நொந்துகொண்டான்.

"அதையும் அந்த வாசல்லேர்ந்துதான் எடுத்தேன்" என்றார் இலியாஸ். "குழி மேல நடக்கப் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எடுத்து வண்டியில போட்டதுதான், அப்புறம் இங்கே இருக்கு. ஆணியைத் தட்டணும் தட்டணும்னு…"

சபாஹத் அந்த ஆணியைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மேஸ்திரி சங்கடப்பட்டுக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெகுகாலத்துக்கு முன் மலையூர் ஒன்றில் அவள் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். பேர் மாற்றி, முடியை வெட்டி, ஒரு தையல் கடையில் ஒளிந்திருந்த பெண். மிகச் சிறப்பான வேலை என்று பாராட்டினார்கள். தேடி வந்த அண்ணன்களிடம் ஒப்படைத்தாள். எட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் பெயரைச் செய்தித்தாளில் படித்தாள். அன்றிலிருந்து, காணாமல் போனவர் எங்கே என்பதற்கு முன்னால் தேடுகிறவர் யார் என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்வதோடு சரி. இந்த முறையும் கேட்கவில்லை.

திரும்பி நடக்கும்போது துன்ஜெர் பின்தங்கினான். எள் ரொட்டி வாங்குகிறான் என்று நினைத்தாள்.

*

ஒக்தாயின் மனைவி ஸெர்ரினுக்கு முப்பத்து நான்கு வயது. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்புத் தோல் காலணிகள், துணியில் சுற்றி, தூங்கும் குழந்தை போல.

சபாஹத் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள். நேர் கீழே பூனைத் தடம்.

"மெதுவா ஊத்தியிருக்கலாம்" என்றாள்.

ஸெர்ரின் அசையவில்லை. "என்னது?"

"தண்ணி. கீழே ஈரக் கான்கிரீட். எல்லாம் பதிஞ்சு போச்சு."

சபாஹத் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை. பேச வேண்டியவர்கள் கடைசியில் மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பேசுகிறார்கள்.

"அந்தாளுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் ஸெர்ரின். குரல் காற்றுப் போல வந்தது.

"இல்ல."

"சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடியே பூலெந்த் இங்கே வந்தானா?"

ஸெர்ரின் நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை, மக்பூலே அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து வந்தான். யாருக்குமே தெரியாதே! உங்களுக்கு யார் சொன்னா?"

"அவனேதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வந்தேன்னான். அந்தப் பலகை ஆணியில பேன்ட் கிழிஞ்சதுன்னும் சொன்னான். பலகையை மேஸ்திரி செவ்வாய் நாலு மணிக்கே எடுத்துட்டார். என்ன சொன்னான் ஞாயித்துக்கிழமை?"

"இவருக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தான். என்னைப் பார்த்து, 'கடல் நல்லாருக்கு, ஆனா ஆழம் ஜாஸ்தி, உங்க வீட்டுக்காரரைக் கரையோரமாவே குளிக்கச் சொல்லுங்க'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான் அக்கா." அவள் கை காலணியை இறுக்கிக்கொண்டது. "அவங்க கம்பெனி கட்டுற கட்டடத்துல, பத்தாவது மாடியிலேர்ந்து ரெண்டு பேரு விழுந்து செத்தாங்க. வலை கட்டலை. கட்டச் சொல்லி இவர் மூணு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதமெல்லாம் காணாமப் போச்சு. மிச்சம் இருக்கிறது இவர் வாய் ஒண்ணுதான். இன்னியிலேர்ந்து பதினோராம் நாள் கோர்ட்டுல சாட்சி. போலீஸ் பாதுகாப்புக் கேட்டோம். மனு மேல போயிருக்கு, வரும்னாங்க. அது வரதுக்குள்ள…"

"அதான் கடல்லயே போயிட்டாருன்னு காட்டிட்டீங்க."

"செத்தவனை யாரு கொல்லப் போறா? திங்கட்கிழமை இருட்டினதும் துண்டைக் கரையில வெச்சிட்டு வந்துட்டார். விடியக்காலை மேல ரோட்டுல என் தம்பி வண்டியோட நின்னான். சந்தையில வாங்கின துணிக் காலணியைப் போட்டுக்கிட்டு, கதவைத் திறந்தா கீழே ஈர சிமென்ட்டு. ஒரே தாண்டு. திரும்பிக்கூடப் பார்க்கலை. பார்க்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்." காலணியைச் சுற்றிய துணியைச் சரிசெய்தாள். "எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சுச் செஞ்சோம் அக்கா. ஆனா அவர் அப்படி வெறுமனே போனதும் மனசு கேக்கலை. மேசை மேல தண்ணிச் சொம்பு இருந்தது. கை தானா எடுத்திடுச்சு."

சபாஹத் மறுபடி கீழே அந்தக் குழிகளைப் பார்த்தாள். எத்தனையோ திட்டங்கள் பேராசையால் கெட்டுப் போனதைப் பார்த்திருக்கிறாள். திரும்பி வர வேண்டும் என்ற ஆசையால் கெட்டது இதுதான் முதல் முறை.

கதவு தட்டப்பட்டது. துன்ஜெர் தலையை நீட்டினான். கையில் எள் ரொட்டி, முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"அக்கா, பூலெந்த் சாருக்கு போன் போட்டுட்டேன். நல்ல சேதி இருக்கு, உடனே வாங்கன்னேன். வந்துக்கிட்டே இருக்கார்!"

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

"என்ன சேதின்னு சொன்னியா?" என்று கேட்டாள் சபாஹத்.

"இல்ல. நேர்ல சொன்னாத்தானே கெத்து…" அவன் ரொட்டியைக் கீழே இறக்கினான். "நான் என்னமோ பண்ணிட்டேன் இல்ல?"

"ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தே. உள்ளே வா."

மூன்றே வாக்கியங்களில் சொல்லி முடித்தாள்.

கீழே ஒரு கார் வந்து நின்றது.

"ஸெர்ரின்" என்றாள் சபாஹத். "அந்தக் காலணியைக் கொண்டுபோய் வாசல்ல வைங்க. நீங்களே. அவன் பார்க்கிறப்ப."

"முடியாது." அவள் முகம் வெளுத்தது. "மூணு தடவை எடுத்துட்டு வந்தேன். அது சகுனம் அக்கா. உயிரோட இருக்கிறவருக்கு என் கையால நானே…"

"தெரியும். நீங்க வைக்காம இருக்கிறதுதான் இப்ப அவனுக்குச் சாட்சி. அந்தத் தண்ணி மாதிரி."

*

பூலெந்த் கான்கிரீட்டின் மேல் நின்றுகொண்டிருந்தான். சரியாக அந்தக் குழிகளின் மேல்.

"நல்ல சேதின்னானே இவன்?"

சபாஹத் வாயைத் திறப்பதற்குள் துன்ஜெர் பேசினான். "நல்ல சேதின்னு நானா சொன்னேன்? உறுதியான சேதின்னேன் சார். உங்க போன்ல காத்து அடிக்குது. ஒரு ஆளைப் பத்தி உறுதியாத் தெரியறதே பெரிய நிம்மதிதானே? எங்க மாமாவைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் உறுதி இல்ல. மாமி பாதித் தாலாட்டு, பாதி ஒப்பாரின்னு பாடிக்கிட்டு இருக்கா."

"வாயை மூடு" என்றாள் சபாஹத். உண்மையான கோபம், அது நன்றாகவே உதவியது. "பூலெந்த் சார், படகுக்காரங்க நாலு பேரைக் கேட்டுட்டேன். விடியக்காலைக் காத்து வெளிப்பக்கமா இழுக்கும். முனையைத் தாண்டிட்டா நீரோட்டம் தீவுப் பக்கம் கொண்டுபோயிடும். உடம்பு கிடைக்கும்னு யாரும் சொல்லலை."

"அது எனக்கும் தெரியும். கிடைக்கலைங்கிறதுதானே பிரச்சினை." அவன் கண் மாடி ஜன்னலுக்குப் போனது. "அந்தம்மா காலணியைக்கூட வைக்க விடலைன்னு ரொட்டிக் கடையில பேசிக்கிட்டாங்க. செத்துட்டான்னு தெரிஞ்ச பொண்டாட்டி அப்படியா செய்வா?"

ஆக, அவனும் அதைப் படித்திருந்தான்.

அப்போது உள்ளே படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஸெர்ரின் வந்தாள். தலையில் கறுப்புத் துணி. இரண்டு கையிலும் காலணி. யாரையும் பார்க்கவில்லை. வாசற்படிக்கு வெளியே குனிந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். வைத்த கை காலணியை விட்டு வர மறுத்தது. பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை யாராலும் நடித்திருக்க முடியாது. ஐந்து நாள் அடக்கி வைத்திருந்த பயம் முழுக்க அதில் இருந்தது. மக்பூலே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

சபாஹத் காலணிகளைப் பார்த்தாள். நுனிகள் வீட்டைப் பார்த்து இருந்தன. உள்ளே வருகிறவன் கழற்றிப் போட்ட மாதிரி.

போனவர் காலணி தெருவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இந்த நாட்டில் பிறந்த எவனுக்கும் அது தெரியும்.

பூலெந்த் அழுகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை கீழே இறங்கத் தொடங்கியது. சபாஹத் முன்னால் வந்து குனிந்தாள். செத்தவர் பொருளைத் தொடும் பணிவோடு, இரண்டையும் எடுத்து, தூசி தட்டி, நுனியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போதுமா?" என்றாள்.

அவன் காலணியையும் அழுகிறவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய மௌனம் அவளுடையதை விட நீளமாக இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"உங்களுக்கு ஆயுசு கெட்டியா இருக்கட்டும்மா" என்றான் ஸெர்ரினிடம். ஐந்து நாளில் அவன் சொன்ன முதல் அனுதாப வார்த்தை. கீழே பார்த்தான். "பூனைக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று முணுமுணுத்துவிட்டு, குழிகளின் மேல் நடந்து காரில் ஏறினான்.

கார் கிளம்பியது. அதே நேரம் மக்பூலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டில் இருந்த செம்புக் கிண்ணத்தைக் குழாயில் நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இருபத்துமூணு வருஷப் பழக்கம். துக்க வீடாக இருந்தாலும் போகிறவன் விருந்தாளி. கையை ஓங்கினாள்.

துன்ஜெர் கிண்ணத்தைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தான்.

"என்னப்பா இது!"

"தாகம் பெரியம்மா" என்றான். "சில பேருக்கெல்லாம் ஊத்தக் கூடாது. திரும்பி வந்துட்டா?"

மக்பூலே விழித்தாள். ஆனால் அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கார் வளைவில் மறைந்தது. ஸெர்ரின் இன்னும் படியிலேயே உட்கார்ந்திருந்தாள், கண்ணைக் காலணியை விட்டு எடுக்காமல்.

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா?" என்றாள். "வெளியே வெச்சா எடுத்துக்கலாம்னுதானே வழக்கம்? அப்புறம் அவர் எதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள வருவார்?"

சபாஹத் தெருவைப் பார்த்தாள். காலணி வாசலில் இருந்தாக வேண்டும். பூலெந்த் போய்விட்டான், இந்த ஊரில் அவன் கண்ணாக யாரை விட்டுப் போயிருக்கிறானோ தெரியாது. இன்னும் பதினோரு நாள்.

துன்ஜெர் படியில் உட்கார்ந்தான். தன் காலணியைக் கழற்றினான். அதுவும் பழுப்புத் தோல்தான். சிற்றுந்து ஓட்டிய காலம் முழுக்க மிதித்து மிதித்து இடது குதிகால் தேய்ந்தது. அவற்றை வாசலில் வைத்து, நுனியைக் கவனமாகத் தெருப் பக்கம் திருப்பினான். ஒக்தாயின் ஜோடியைத் துணியில் சுற்றி ஸெர்ரினின் மடியில் வைத்தான்.

"தூரத்துலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றான்.

"டேய்" என்றாள் சபாஹத். "சகுனம்டா."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. எங்கம்மா ஊத்தின தண்ணிக்கு நான் இன்னும் நூறு தடவை திரும்பி வரணும். என் வாயால வந்தது. என் காலோட போகட்டும்."

ஸெர்ரின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் இருந்ததை அணைத்துக்கொண்டு படியேறி உள்ளே போனாள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கடலில் ஆரஞ்சுப் படகு தேடுவதை நிறுத்திவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இருவரும் மேட்டை நோக்கி நடந்தார்கள். துன்ஜெர் வெறுங்காலோடு கான்கிரீட்டில் கால் வைத்ததும் துள்ளினான்.

"அய்யோ அக்கா, சுடுது! தியாகம் பண்றவனுக்குச் செருப்பாவது கொடுக்கணும்ங்க!"

அவர்களுக்குப் பின்னால், மாடி ஜன்னலிலிருந்து, படபடவென்று தண்ணீர் விழுந்தது.

துன்ஜெர் திரும்ப முயன்றான். சபாஹத் அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். திரும்பிப் பார்க்காமலே நடந்தார்கள். கெட்டிப்பட்டுவிட்ட கான்கிரீட்டில் அந்தத் தண்ணீர் ஒரு கணம் பளபளத்தது. பிறகு, சாட்சி எதுவும் வைக்காமல், வெயிலில் காய்ந்து போனது.